மாமாவுக்குப் பிடித்த தலைப்பு மகளுக்கு எதற்கு?

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கடிதம் எழுதிய அண்ணனுக்கு,

மகளுக்கு முதுகலை ஆய்வுப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. ‘செம்பனை விளைச்சல்’, அதாவது எண்ணெய்ப் பனையின் விளைச்சல், என்ற பொதுத் தலைப்பு முடிவாகிவிட்டது. ஆனால் அதற்குள் எந்தக் கேள்வியை எடுப்பது என்று தெரியாமல் அவள் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறாள். கிள்ளான் மாமாவோ, “தோட்டத்தை விட்டு வெளியே வரத்தானே படிக்க வைத்தோம்? மறுபடியும் பூச்சி எண்ணவா போகிறாய்? மரபணு, செயற்கை நுண்ணறிவு என்று பெரிதாக ஏதாவது எடு” என்கிறார். உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், மாமா சொல்வது தவறு. அவருக்கு அஞ்சி மகள் தலைப்பை மாற்றக்கூடாது.

மகள் அனுப்பிய பட்டியலில் முதலில் நிற்பது கனோடெர்மா என்ற பூஞ்சையால் வரும் தண்டழுகல் நோயைத் தாங்கும் மர ரகம். அது மிக முக்கியமான கேள்விதான். மட்டையில் அறிகுறி தெரியும்போது தண்டின் உட்புறம் பெரும்பாலும் அழுகிப்போயிருக்கும். ஆனால் கன்று நட்டுக் காய்க்கவே மூன்றாண்டு ஆகும் மரத்தில், இரண்டாண்டுப் படிப்புக்குள் ரகம் கண்டுபிடிக்க முடியாது. பெரிய ஆய்வுக்கூடங்கள் பல்லாண்டுகளாகப் போராடும் வேலை அது. கேள்வி முக்கியமானது என்பதாலேயே அது உங்கள் மகளுக்குரிய கேள்வி ஆகிவிடாது. ட்ரோன், மரபணு பற்றிய கேள்விகளையும் இதே காரணத்துக்காக ஒதுக்கிவைக்கலாம்.

பட்டியலின் கடைசியில், பென்சிலால் எழுதி அடிக்கப்பட்டிருந்த ஒரு வரியைப் பார்த்தேன்: ‘ஆண் பாளை குறைந்தால் காய்ப்பிடிப்பு என்ன ஆகிறது?’ இதைத்தான் எடுக்கச் சொல்கிறேன்.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், ‘தென்னமரம்’ என்ற பெயருள்ள தோட்டத்தில்தான் தொடங்கியது. அதன் பிறகு பல பத்தாண்டுகளாக, காற்றுதான் செம்பனையில் மகரந்தத்தைச் சேர்க்கிறது என்றே பலரும் நம்பினார்கள். காய் சரியாகப் பிடிக்காத இடங்களில் தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய்க் கையால் மகரந்தம் தூவினார்கள். ஆப்பிரிக்காவில் அந்த வேலை இல்லாமலே காய் பிடிக்கிறதே, எப்படி என்ற கேள்வியோடு பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனுக்குப் போனார். ஒரு சிறு மூக்கு வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று கண்டார். 1981-இல் அந்த வண்டை இங்கே விட்டார்கள். கையால் தூவும் வேலை நின்றுபோனது. பூச்சி எண்ணுவது சின்ன வேலை என்று நினைக்கும் மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

விரிந்த ஆண் பாளை சோம்பு வாசனை வீசும். வண்டுகள் அங்கே வந்து தின்று, முட்டையிட்டுப் பெருகும். பெண் பாளையும் அதே வாசனை வீசுவதால், ஏமாந்து அங்கேயும் போய் மகரந்தத்தை விட்டுவரும். விளைச்சல் மிகுந்த இளம் மரங்களில் பெண் பாளைகளே அதிகம். ஆண் பாளை குறைந்தால் வண்டுக்குப் பிறந்து வளர இடமில்லை. பூத்து ஓய்ந்த ஆண் பாளைக்குள் இருக்கும் வண்டின் புழுக்களை எலிகளும் தின்கின்றன.

இதற்குள்ளும் வரிசை வேண்டும். காய்ப்பிடிப்பு குறைவதற்கு எந்தக் காரணத்தை முதலில் ஆராய்வது: மழையா, எலியா, மரத்தின் வயதா? மழையை எடுத்தால் இரண்டாண்டு மழையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. எலியை எடுத்தால் அதை எண்ணுவதற்கே தனியாக ஆள் வேண்டும். வயதை எடுக்கட்டும். எந்த நிரையில் எந்த ஆண்டு கன்று நட்டார்கள் என்பது தோட்ட அலுவலகப் பதிவேட்டில் இருக்கும், கேட்டால் செலவில்லாமல் கிடைக்கும். வயது வாரியாகச் சில நிரைகளைத் தேர்ந்து, விரிந்த ஆண் பாளைகளை வாராவாரம் எண்ண வேண்டும். பாளையின் சில கிளைகளை வெட்டி, வலைத்துணி கட்டிய டப்பாவில் போட்டு, வெளிவரும் வண்டுகளை எண்ண வேண்டும். குலை பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும். அப்போது அதே நிரையின் குலையில் கரு கொண்ட காய் எத்தனை, சொத்தை எத்தனை என்று பிரிக்க வேண்டும். இரண்டாண்டில் மூன்று சுற்றுதான் முழுதாகக் கிடைக்கும். ஆகையால் முதல் மாதமே வேலை தொடங்கவேண்டும். நூல்களைப் படித்து முடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறேன் என்றால் ஒரு சுற்று கைவிட்டுப் போகும்.

பதில் வந்தால் அதைப் படிக்க ஆள் இருக்கிறது. மறுநடவு செய்யும் ஒவ்வொரு தோட்ட நிர்வாகிக்கும் அது தேவைப்படும்.

விடுமுறைக்கு வந்தால் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நோட்டுப் புத்தகத்தோடு நிரைகளுக்குள் போய்விடுகிறாள் என்று நீங்களே குறை சொல்லி எழுதியிருக்கிறீர்கள். அது குறையல்ல, அண்ணே. அவளுடைய நாட்டம் எங்கே இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தத் தேர்வும் காட்டாது. ஆய்வுக்கூடத்துக்குள் அடைத்து வைத்தால் ஓராண்டில் படிப்பை விட்டுவிடுவாள்.

செலவு விஷயத்தில் நான் வளைந்து கொடுக்கமாட்டேன். இதற்காக உங்கள் சேமநிதிப் பணத்தைத் தொடாதீர்கள், நகையையும் அடகு வைக்காதீர்கள். பதிவு செய்வதற்கு முன், ஆய்வு நெறியாளரின் மானியத்திலிருந்து மாதப்படி உண்டா, எத்தனை மாதத்துக்கு, தோட்டத்துக்குப் போய்வரும் செலவு யாருடையது என்று மகள் மின்னஞ்சலில் கேட்கட்டும். பதில் எழுத்தில் வரட்டும். பணம் இல்லை என்றால் வேறு நெறியாளரைத் தேடட்டும். அதற்காக ஒரு பருவம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.