தெருநாய்க் காப்பகம்: நகராட்சி பாதி, நாம் பாதி (கேள்வி பதில்)

நாய்க் கருத்தடை மையங்களில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் வாசகர்களுக்குச் சொன்ன பதில்கள்.

எங்கள் நகராட்சியில் ஒரு ட்ரஸ்ட், "இடம் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறது. நம்பிக் கொடுக்கலாமா? (கவுன்சிலர்)

இடத்தைத் தாராளமாகக் கொடுங்கள். "மற்றது" என்ன என்பதை எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். மத்திய அரசின் 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்க் கருத்தடை, தடுப்பூசி இரண்டும் உள்ளாட்சியின் பொறுப்பு. வேலையை இன்னொருவரிடம் விடலாம், பொறுப்பு உங்கள் தலையில்தான் இருக்கும். அந்த ட்ரஸ்ட்டுக்கு விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். கரண்ட் பில், தண்ணீர் லாரி, தடுப்பூசி மருந்து, வண்டிக்கு டீசல், செத்த நாயை அடக்கம் செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் நேராக யார் செலவு என்று எழுதுங்கள். ஆபரேஷன் பற்றி எந்த ஊரிலும் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. செப்டிக் டேங்க் நிரம்பியதும் ஆரம்பிக்கும்.

40 கூண்டு கட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் ஐயாயிரம் நாய் இருக்கலாம். போதுமா டாக்டர்? (தன்னார்வலர்)

கணக்குப் போட்டுப் பாருங்கள் அம்மா. இன்று பிடித்த நாயைப் பட்டினி போட்டு நாளை ஆபரேஷன் செய்கிறோம். அதன்பின் குறைந்தது 4 நாள் கூண்டில் வைத்துத் தையலைப் பார்க்க வேண்டும், விதியே அப்படித்தான். ஆக ஒரு நாய்க்கு ஒரு கூண்டு 6 நாள் போய்விடும். 40 கூண்டில் ஒரு நாளைக்கு ஆறோ ஏழோ நாய். டாக்டர் லீவு, தீபாவளி, மழையில் வண்டி சிக்கியது எல்லாம் கழித்தால் வருடத்துக்கு 2,000. ரேபிஸை அடக்க 70 சதவீத நாய்களுக்காவது தடுப்பூசி போக வேண்டும். கருத்தடைக்கும் அதே இலக்கு வைத்தால் 3,500 நாய். இரண்டு வருடம் ஆகும், அதற்குள் குட்டிகள் வேறு பிறந்துவிடும்.

கூண்டு கூட்ட வழியில்லை என்றால் தடுப்பூசியைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அதற்குக் கூண்டே வேண்டாம். தெருவிலேயே வலையில் பிடித்து, ஊசி போட்டு, பெயின்ட் அடையாளம் வைத்து விட்டுவிடலாம். நாய் எங்கே படுக்கும், எது கையில் வரும் என்று சோறு வைக்கிற உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது. கருத்தடையை வார்டு வார்டாக முடித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். புகார் வந்த தெருவில் மட்டும் இரண்டைப் பிடித்துக்கொண்டு போவதால் ஊர்க் கணக்கு குறையாது.

எதற்கு இத்தனை சுற்று? எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் அடைத்தால் என்ன? (குடியிருப்போர் சங்கச் செயலாளர்)

பயம் எனக்குப் புரிகிறது சார், கடிபட்ட குழந்தைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சென்னையில் மட்டும் 2024 கணக்கெடுப்பில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். இத்தனைக்கும் தினம் ஒரு வேளை சோறு, கூட்டித் தள்ள ஆள், இடம் எங்கே இருக்கிறது? நெருக்கி அடைத்தால் டிஸ்டெம்பர், பார்வோ என்ற நாய்த் தொற்றுநோய்கள் ஒரே வாரத்தில் குட்டிகளை வாரிக்கொண்டு போய்விடும். கொல்லும் வழியையும் சென்னை பார்த்துவிட்டது. பல ஆண்டுகள் பிடித்துக் கொன்றும் நாய் குறையவில்லை. 1960களிலிருந்தே கருத்தடையை வலியுறுத்திவந்த ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்போடு சேர்ந்து 1996-ல் மாநகராட்சி இந்தப் பக்கம் திரும்பியது.

2025 ஆகஸ்ட் 22 உச்ச நீதிமன்ற உத்தரவும் இதையேதான் சொன்னது: கருத்தடை, தடுப்பூசி முடிந்ததைப் பிடித்த இடத்திலேயே விடு, வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் விடாதே.

பில் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது, பணம் வரவில்லை. நாய்களுக்கு அரிசி வாங்கக் கடன். (ட்ரஸ்ட் பொருளாளர்)

பொதுவாக இரண்டு இடத்தில் பில் நிற்கும். ஒன்று எண்ணிக்கை. கருத்தடையில் எடுத்த கருப்பையையும் விதைகளையும் கெடாமல் காக்கும் ஃபார்மலின் மருந்து ஊற்றிய வாளியில் போட்டு வைத்து, கண்காணிப்புக் குழு வந்து எண்ணிக் கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு நிற்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எண்ண வேண்டிய வேலை என்பதால் அதிகாரிகள் நாள் தள்ளுவார்கள். மாதத்தில் ஒரு தேதியைக் குறித்து, அன்று வராவிட்டால் கமிஷனருக்குக் கடிதம் போகும் என்று ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள்.

இன்னொன்று பதிவேடு. எந்தத் தெரு, என்ன நிறம், ஆணா பெண்ணா, பிடித்த தேதி, விட்ட தேதி எல்லாம் அன்றன்றே ஏற வேண்டும். மாதக் கடைசியில் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் எழுதியதை ஆடிட்டர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்.

மாவட்ட எஸ்.பி.சி.ஏ. (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) இருக்கும்போது தனி ட்ரஸ்ட் எதற்கு?

உங்கள் மாவட்டத்தில் அது உயிரோடு இருந்தால் எதற்குமே வேண்டாம். 2001 விதிப்படி மாவட்டந்தோறும் இருக்க வேண்டும், காப்பகத்துக்கு அரசு நிலம் தர வேண்டும், முழுநேர டாக்டர் வேண்டும். கடைசியாக எப்போது கூட்டம் நடந்தது என்று கலெக்டர் ஆபீஸில் மனு போட்டுக் கேளுங்கள்.

பள்ளி, ஆஸ்பத்திரி வளாக நாய்களைத் திரும்ப விடக் கூடாது என்று நவம்பரில் உத்தரவு வந்ததே, அவற்றை எங்கே வைப்பது? (தலைமை ஆசிரியை)

உச்ச நீதிமன்றத்தின் 2025 நவம்பர் 7 உத்தரவு அது, பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் அதில் அடக்கம். இந்த நாய்களைக் கருத்தடை மையத்தின் 40 கூண்டில் ஏற்றினால் மையம் மூன்றே வாரத்தில் படுத்துவிடும், ஏனென்றால் இவை வெளியே போகவே போகாது. இவற்றுக்குத் தனி வளாகம், ஓடித் திரியத் திறந்த இடம், தனிச் செலவுத் தலைப்பு வேண்டும். உங்கள் பள்ளியில் இருப்பது எத்தனை, கருத்தடை ஆனதற்கு அடையாளமான காது வெட்டு இருக்கிறதா என்று எண்ணி, போட்டோவோடு நகராட்சிக்கு எழுதுங்கள். கூடவே சத்துணவுக் கூடத்து எச்சில் தொட்டிக்கு மூடி போட்டு, காம்பவுண்ட் சுவர் ஓட்டையை அடையுங்கள். அதை அடைக்காமல் பழைய நாயைக் கொண்டுபோனால் அடுத்த தெரு நாய் வந்து படுத்துக்கொள்ளும்.