ஒரு மேசை போதும்: குறைந்த செலவில் காவல் நிலையத் தொடர்

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து, 25 நிமிட இணையத் தொடரின் முதல் அத்தியாயத்தை 80,000 ரூபாயில் எடுக்க இருக்கிறோம். மெரினாவில் ஒரு துரத்தலும் துப்பாக்கிச் சூடும் வருகின்றன. காவலர் சீருடையுடன் தெருவில் படமெடுக்கலாமா? பணத்தை எதில் போடுவது? (வாசகர், வளசரவாக்கம்)

பதில்: துரத்தலையும் துப்பாக்கிச் சூட்டையும் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். மெரினாவுக்கு முன்அனுமதி வேண்டும், கூட்டத்தை ஒதுக்க ஆட்கள் வேண்டும். இந்தத் தொகையில் இரண்டுமே அரைகுறையாகத்தான் வரும். கதையைக் காவல் நிலையத்தின் ஓர் அறைக்குள் கொண்டுவாருங்கள். புகார் எழுதும் ரைட்டர், வாசலில் பாரா நிற்கும் காவலர், உள்ளே ஆய்வாளர் என மூவரை வைத்தே ஓர் இரவைச் சொல்லிவிடலாம்.

பார்ப்பவர் அந்த அறையை நம்புவது மேசைமேல் கிடக்கும் தாள்களால்தான். நூல் கட்டிய கேஸ் கட்டுகள், ஓரம் கிழிந்த பதிவேடு, மை காய்ந்த முத்திரை, சி.எஸ்.ஆர். ரசீதுப் புத்தகம் ஆகியவற்றுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வேறு, முதல் தகவல் அறிக்கை வேறு. ரசீதை நீட்டி "நாளைக்கு வாம்மா" என்று ரைட்டர் சொல்ல, எஃப்.ஐ.ஆர். போடாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று ஒரு தாய் பெஞ்சிலேயே அமர்ந்திருந்தால், எந்தத் துரத்தலும் தராத பதற்றம் அங்கே கிடைத்துவிடும்.

வசனத்தில் சட்டப் பிரிவுகளைச் சரிபாருங்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறையில் உள்ளதால், இன்று நடக்கும் கொலைக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302 என்று எழுதக்கூடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு என்றே வர வேண்டும். சந்தேக மரணத்துக்கும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194 வந்துவிட்டது. மேலும், சென்னை ஆணையரகத்துக்கு உட்பட்ட நகரம். ஆய்வாளருக்கு மேலே உதவி ஆணையரைக் காட்டுங்கள், டி.எஸ்.பி.யை அல்ல. ஆய்வாளர், உதவி ஆணையர் இருவருக்கும் தோளில் மூன்று நட்சத்திரம்தான். ஆய்வாளருக்கு மட்டும் அவற்றோடு சிவப்பு-நீலப் பட்டை உண்டு.

சீருடை விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். ஏமாற்றும் நோக்கத்தோடு அதை அணிவதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 205-ஆம் பிரிவின்படி குற்றம் என்றாலும், தெருவில் போகிறவருக்கு உங்கள் நோக்கம் எப்படித் தெரியும்? சில ஆண்டுகளுக்கு முன் சாலிகிராமத்தில் ஒரு வாடகை வீட்டைக் காவல் நிலையமாக மாற்றியிருந்தோம். தேநீர் இடைவேளையில் வாசலில் இருந்த நிலையத்தின் பெயர்ப் பலகையை மூட மறந்துவிட்டோம். சைக்கிள் காணாமல்போன ஒரு பெரியவர் நேரே உள்ளே வந்து, எங்கள் நடிகரைக் கும்பிட்டு, மடித்த காகிதமொன்றை நீட்டினார். உண்மையைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. எனவே காட்சி முடிந்த கணமே பலகையைத் துணியால் மூடுங்கள். வெளியே போகிற நடிகர் காக்கிக்கு மேலே வேறு சட்டை போடட்டும். ஜே-1 சைதாப்பேட்டை, ஈ-1 மயிலாப்பூர் போன்ற உண்மையான நிலையங்களின் பெயரை எழுதாமல், கற்பனைப் பெயரையே எழுதுங்கள்.

பணத்தில் முதல் பங்கு ஒலிக்கே. படம் சற்று மங்கினாலும் பொறுப்பார்கள். பேச்சு கேட்காவிட்டால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். விமானம் தாழப் பறக்கும் பல்லாவரம், நங்கநல்லூர் பக்கம் வீடு பார்க்க வேண்டாம். ஒலிக்காக மின்விசிறியை நிறுத்தினால் சென்னைப் புழுக்கத்தில் காக்கி முதுகில் கருந்திட்டாகிவிடும், அடுத்த ஷாட்டோடு ஒட்டாது. ஆளுக்கு இரண்டு சட்டையாக வடபழனியில் வாடகைக்கு எடுங்கள். அறையைக் காலி செய்யுமுன், யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அதன் வெற்று ஒலியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வசனங்களுக்கு இடையே ஒட்டுப்போட அது எடிட்டருக்குத் தேவைப்படும்.