புலி மூத்திர ஸ்ப்ரே அடிச்சா சுண்டெலி ஓடிருமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூன்ல பழைய புளோக், மூணாவது மாடி. கிச்சன்ல சுண்டெலி வருது. ஆன்லைன்ல புலி, நரி மூத்திர வாசம்னு ஒரு ஸ்ப்ரே விக்கிறாங்க. எலிக்கு அந்த வாசத்து மேல பிறவியிலேயே பயம், அது ஜீன்லயே இருக்குனு போட்டிருக்காங்க. உண்மையா? வீட்ல தவழ்ற குழந்தை இருக்கு, விஷம் வைக்க மனசு வரல.

பதில்: அக்கா, ஜீன்ல இருக்குனு போட்டிருக்காங்கல்ல, அது நிஜம்தான். ஆனா அது நிஜங்கிறதுக்காக அந்த பாட்டில் உங்க கிச்சன்ல வேலை செய்யும்னு சொல்ல முடியாது. என் கருத்து, வாங்காதீங்க. ஏன்னு விவரமா சொல்றேன், ஏன்னா இதுல தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் நிறைய இருக்கு.

அமீன்னு சில சின்ன மூலக்கூறுகள் இருக்கு, மூத்திரத்துல, அழுகுற மீன்ல, இறைச்சிலலாம் வரும். அதைப் பிடிக்கிறதுக்குன்னே டிரேஸ் அமீன் ரிசெப்டர்னு செல்கள்ல ஒரு புரதக் குடும்பம் இருக்கு, சுருக்கமா டார்னு சொல்வாங்க. 2001ல இதை முதல்ல கண்டுபிடிச்சப்ப மூளைக்குள்ள வேலை செய்ற ஒண்ணுனுதான் எல்லாரும் பாத்தாங்க. 2006ல ஸ்டீபன் லிபர்லெஸும், வாசனை ஆராய்ச்சிக்கு 2004ல நோபல் வாங்கின லிண்டா பக்கும் சுண்டெலி மூக்கை ஆராய்ஞ்சு, டார்1 தவிர மத்ததெல்லாம் மூக்குல வாசம் பிடிக்கிற செல்கள்ல இருக்குனு காட்டினாங்க.

சுண்டெலிக்கு 10வது குரோமோசோம்ல இந்த டார்களுக்கான ஜீன்கள் ஒட்டி ஒட்டி வரிசையா இருக்கு, அதுல 15 நல்லா வேலை செய்யுது. மனுசனுக்கு வேலை செய்றது வெறும் 6தான், இன்னும் 3 இருக்கு ஆனா உடைஞ்சுபோய் சும்மா கிடக்கு. அந்த உடைஞ்ச மூணுல ஒண்ணுதான் டார்4, உங்க ஸ்ப்ரே கதையோட ஹீரோவே அதுதான்.

டார்4 பிடிக்கிறது ஃபினைல்எத்திலமீன்னு ஒரு அமீனை. 2011ல லிபர்லெஸ் குழு நிறைய பாலூட்டிகளோட மூத்திரத்தை அளந்து பாத்தப்ப, சிங்கம் புலி மாதிரி மாமிசம் திங்கிற மிருகங்கள்ல இது அதிகமாவும் ஆடு மாடு வகைகள்ல ரொம்ப கம்மியாவும் இருந்துச்சு. அடுத்து அவங்க செஞ்சதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. சிங்க மூத்திரத்துல இருந்து அந்த ஒரு பொருளை மட்டும் என்சைம் போட்டு அழிச்சாங்க, எலிகள் முன்ன மாதிரி ஒதுங்கல, திரும்ப அதையே கலந்தாங்க, மறுபடியும் ஒதுங்க ஆரம்பிச்சிருச்சு. 2013ல இன்னொரு குழு சுண்டெலில டார்4 ஜீனை மட்டும் நீக்கிட்டு பியூமாங்கிற பெரும்பூனையோட மூத்திரத்தை வச்சு பாத்தாங்க, அந்த எலிகளுக்கு வெறுப்பே இல்ல. எத்தனையோ தலைமுறையா லேப் கூண்டுல வளந்த, பெரும்பூனையைக் கண்ணால பாக்காத எலி, ஒரே ஒரு ஜீன் இருந்தா ஒதுங்குது, போனா ஒதுங்கல. அதனால பிறவியிலேயே இருக்குங்கிறது சரிதான்.

அப்புறம் ஏன் வேணாங்கிறேன்? அந்த லேப்ல எலிக்கு வாசம் வச்ச மூலைக்குப் போயே ஆகணும்னு ஒண்ணும் இல்ல, கொஞ்ச நேரம்தான் டெஸ்ட், வாசம் புதுசு. உங்க வீட்ல அரிசி இருக்கு, பிஸ்கட் தூள் இருக்கு, தண்ணி இருக்கு, அதோட பசி. வாசம் வருது ஆனா மிருகம் வரலனு நாளாக ஆக அதுக்குப் பழகிரும். அந்த அமீனும் காத்துல ஆவியா போற பொருள்தான். பாட்டில்ல எவ்வளவு இருக்குனு லேபிள்ல பாத்து நம்மால சொல்லவும் முடியாது. மூக்கால மோந்து பாத்து, கப்புனு அடிக்குது அதனால ஸ்ட்ராங்கா இருக்கும்னு நினைக்காதீங்க, டார்4தான் நமக்கு உடைஞ்சு கிடக்கே, நம்ம மூக்கு இதுக்கு சாட்சி சொல்லாது. குழந்தை தவழ்ற தரையில எந்த மிருக மூத்திரத்தையும் தெளிக்கிறதுல எனக்கு துளியும் உடன்பாடு இல்ல, அதையும் சொல்லிடறேன்.

இன்னொரு விஷயம், எல்லா அமீனும் விரட்டாது. மீன் நாத்தத்துல இருக்கிற டிரைமெத்திலமீனை டார்5 பிடிக்குது. ஆண் சுண்டெலியோட மூத்திரத்துல இது நிறைய இருக்கு, மிதமான அளவுல மத்த சுண்டெலிகளை இழுக்கும், டார்5 ஜீனை எடுத்துட்டா அந்த இழுப்பு போயிருது. அதனால எச்சம் கிடக்கிற ஓரத்தை முதல்ல கிருமிநாசினி தெளிச்சு நனைச்சு, கையுறை போட்டு துடைச்சு எடுங்க, காஞ்சதைக் கூட்டி தூசி கிளப்பாதீங்க. சந்தையில மீன் வாங்கினா கழிவை ராத்திரி வீட்ல வைக்காம கட்டி அன்னைக்கே குப்பை போடுற சூட்ல போட்டுருங்க.

பூனை வளக்கலாமானு அடுத்து கேப்பீங்க. 2024 செப்டம்பர்ல இருந்து வீவக (அரசு அடுக்குமாடி) வீட்ல ரெண்டு பூனை வரை அனுமதி இருக்கு. பூனை எச்சில்ல இருக்கிற ஒரு புரதத்தை சுண்டெலி மூக்குல டார் இல்லாத தனி உறுப்பு ஒண்ணு பிடிச்சு பயப்படும், அதுவும் சோதிச்சதுதான். ஆனா எலிக்காக மட்டும் பூனை கொண்டு வராதீங்க, அது பாவம்.

காசை ஓட்டை அடைக்கிறதுல போடுங்க. சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடைவெளி கிடைச்சா நுழைஞ்சிரும், பென்சில் தடிமன்தான் அது. சிங்க் அடியில பைப் சுவத்துக்குள்ள போற இடம், பழைய புளோக்ல கிச்சனுக்குள்ளயே இருக்கிற சூட் மூடி, கதவடி, எல்லாம் டார்ச் அடிச்சு பாருங்க, ஸ்டீல் வுல் திணிச்சு மேல சீலன்ட் பூசுங்க. அரிசியை மூடி போட்ட டப்பாவுக்கு மாத்துங்க. அடிக்கிற பொறியை சுவரோரமா, குழந்தை கை எட்டாத அலமாரி பின்னாடி, கொஞ்சம் பீநட் பட்டர் தடவி வைங்க. தாழ்வாரம், சூட் பக்கம் எலி தெரிஞ்சா நகர மன்றத்துக்கு போட்டோவோட சொல்லுங்க, வீட்டுக்குள்ள அடைச்ச பிறகும் புது எச்சம் விழுந்தா லைசென்ஸ் உள்ள பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிடுங்க, வர்றப்பவே குழந்தை இருக்குனு சொல்லிருங்க.