குழந்தை தனக்கு நடந்ததைச் சொன்னால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

பாதுகாப்பான தொடுதல் பற்றி வகுப்பெடுத்த பிறகு ஒரு குழந்தை வந்து தனக்கு நடந்ததைச் சொன்னால், தலைமையாசிரியரிடம் தெரிவித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவரே காவல் நிலையத்திலோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிலோ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை நிர்வாகத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை, கூடவே அபராதம். நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது. ஆகவே பள்ளி தனியாக விசாரித்து முடிக்கட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். அந்த இடைவெளியில்தான் குழந்தை மிரட்டப்படுகிறது, சாட்சியம் கலைகிறது.

குழந்தை பேசும்போது குறுக்கிட வேண்டாம். "அவர்தானே செய்தார்?" என்று கேட்டால் பதிலை நீங்களே ஊட்டுகிறீர்கள், பின்னர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பினர் அதையே பிடித்துக்கொள்வார்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்பது போதும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. குழந்தை சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி நேரத்தோடு அன்றே எழுதி வையுங்கள். வேறு ஆசிரியர்கள் முன் திரும்பச் சொல்ல வைப்பதும், குற்றம் சாட்டப்பட்டவரை எதிரே நிறுத்துவதும் கூடவே கூடாது. சம்பவம் அண்மையில் நடந்திருந்தால் உடையைத் துவைக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.

ஸ்டேஷனுக்குக் குழந்தையை அலையவிட வேண்டியதில்லை. வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை அணியாமல், கூடியவரை பெண் எஸ்.ஐ. பதிவு செய்ய வேண்டும் என்பது 24ஆவது பிரிவு. உடனடி உதவிக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண் 1098; தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 14417.