‘ஒன்றுமே நடக்காத தொடர்’ என்கிறார்களே, அமெரிக்க டிவி காமெடியான ‘செயின்ஃபெல்ட்’டை எந்த எபிசோடில் தொடங்கலாம்?

முதல் சீசனை விடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது சீசனில் வரும் ‘தி சைனீஸ் ரெஸ்டாரன்ட்’ (1991) பாருங்கள். சினிமாவுக்குப் போகுமுன் சாப்பிட வரும் ஜெர்ரி, ஜார்ஜ், எலெய்ன் மூவருக்கும் மேசை கிடைக்கவில்லை. “ஐந்து, பத்து நிமிஷம்” என்றே இழுத்தடிக்கிறார் ஓட்டல்காரர். முழு எபிசோடும் அந்தக் காத்திருப்புதான்.

பசி தாங்காத எலெய்ன், 50 டாலர் பந்தயத்துக்காக யாரோ சாப்பிடும் மேசையில் எக் ரோல் எடுக்கப் போய் அசடு வழிவார் பாருங்கள்! ஜார்ஜுக்கு வந்த போனோ, ஓட்டல்காரர் பெயரை மாற்றி “கார்ட்ரைட்! கார்ட்ரைட்!” என்று கூவியதில் வீணாகிவிடும்.

கதையே இல்லையே என்று தொடரை ஒளிபரப்பிய என்பிசி சேனலின் நிர்வாகிகள் முகம் சுளித்தார்கள். தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் அசையவில்லை. மேசை கிடைத்ததா என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.