பையன் போர் காமிக்ஸ் படிக்கிறான், பிடுங்கி வைக்கலாமா?

எட்டாவது படிக்கும் உங்கள் மகன் முதல் உலகப் போர் விமானச் சண்டை காமிக்ஸிலேயே மூழ்கிக் கிடக்கிறான், அதிலும் ஹீரோ ஒரு ஜெர்மன்காரன், பிடுங்கி வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் யாரோ "இதெல்லாம் வன்முறை" என்று உங்களை ஏற்றிவிட்டிருக்கிறார்கள் என நினைக்கிறேன். எனக்கும் இது பழகிய கதை, அதனால்தான் இந்த நீளப் பதில்.

அவன் கையில் இருப்பது அநேகமாக 'எனிமி ஏஸ்'. 1965-ல் அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனத்துக்காக ராபர்ட் கனிகர் எழுதி ஜோ குபர்ட் வரைந்த தொடர். நாயகன் ஹான்ஸ் வான் ஹாமர், ஓட்டுவது சிவப்பு நிற ஃபோக்கர் மூன்றடுக்கு இறக்கை விமானம். அந்தப் போரில் சிவப்பு விமானத்தில் பறந்த நிஜ ஜெர்மன் விமானி ரிக்தோஃபனின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். ஜெர்மன் ஹீரோ என்றதும் ஹிட்லரை இழுத்துக்கொண்டு பின்னூட்டத்துக்கு வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இது ஹிட்லருக்கு முன்பு ஜெர்மனியைப் பேரரசர் கைசர் ஆண்ட காலத்துக் கதை. வரைந்த குபர்ட் போலந்தில் பிறந்த யூதர். அவருக்கே இல்லாத உறுத்தல் நமக்கு எதற்கு?

வன்முறை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஹாமர் எதிரியை வீழ்த்திவிட்டு வரும்போது அவனுடைய ஆட்களே முதுகுக்குப் பின்னால் "கொல்லும் இயந்திரம்" என்று முணுமுணுப்பார்கள். மனம்விட்டுப் பேச ஆள் இல்லாமல் காட்டுக்குப் போவான், அங்கே ஒரு ஓநாய்தான் துணை. எதிரியிடம் தோட்டா தீர்ந்துவிட்டால் சுடமாட்டான். பிற்பாடு குபர்ட் எடிட்டரானபோது டிசியின் போர்க் கதைகளின் முடிவில் "இனிப் போர் வேண்டாம்" என்ற பொருளில் ஒரு முத்திரையே போட்டார். இதைப் படித்து ஒருவன் சண்டைக்காரனாவான் என்றால் எனக்குப் புரியவில்லை.

என் கதைக்கு வருகிறேன். தாய்மாமா விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தையோடு பத்திரிகை வைக்க வந்தவர் என் மடியில் இந்தத் தொகுப்பைப் பார்த்துவிட்டு, "கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மைப் புத்தகமா மாப்ளே?" என்று பிடுங்கிப் புரட்டினார். புரட்டிய கை ஒரு பக்கத்தில் நின்றுவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விமானத்தின் மூக்கில் நகத்தை வைத்தார்.

"இதுல என்ன இன்ஜின் தெரியுமா? ரோட்டரி. நம்ம வண்டியில இன்ஜின் நிக்கும், உள்ளே இருக்கிற கிராங்க் தண்டு சுத்தும். இதுல கிராங்க் நிக்கும், ஒன்பது சிலிண்டரும் புரொப்பல்லரோட சேர்ந்து சுத்தும்." டம்ளரை அசையாமல் பிடித்துக்கொண்டு டவராவை அதன் அடியில் சுற்றிக் காட்டினார். "போடறது விளக்கெண்ணெய். எரிஞ்சது போக மிச்சம் வெளியே தெறிக்கும். ஓட்டறவன் மூஞ்சியெல்லாம் அதுதான், மூச்சோட உள்ளேயும் போகும்."

சமையலறையிலிருந்து அத்தை, "ஐயோ, பேதியாகுமே!" என்றார்.

"ஆகும். இந்தப் புத்தகத்துல அதைப் போட்டிருக்கானா பாரு."

போடவில்லை. இந்தத் தொடர் மேல் என் குறையும் அந்த மாதிரிதான், நிஜத்தை முழுசாகச் சொல்லவில்லை. ரிக்தோஃபன் வீழ்த்திய 80 விமானங்களில் இந்த மூன்றடுக்கில் பறந்து வீழ்த்தியது சுமார் கால்வாசி, பெரும்பகுதி ஆல்பட்ராஸ் என்ற ஈரடுக்கு இறக்கை விமானத்தில். 1917 அக்டோபரில் இந்த மூன்றடுக்கின் மேல் இறக்கை பறக்கும்போதே பிய்ந்து ஜெர்மன் விமானிகளே செத்தார்கள். கொஞ்ச நாள் அந்த விமானத்தைப் பறக்கவே விடவில்லை. பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாராசூட்டே தரவில்லை, தீப்பிடித்தால் அவ்வளவுதான். கழுத்தில் பட்டுத்துணி கட்டியது ஸ்டைலுக்கு அல்ல, நாலு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் காலர் உரசிப் புண்ணாகாமல் இருக்க. உங்கள் பையனிடம் இதையெல்லாம் சொல்லிப் பாருங்கள், அவன் உங்களுக்கே பாடம் எடுப்பான்.

நம் ஆளும் ஒருவர் உண்டு. கல்கத்தாவில் பிறந்து பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்த இந்திர லால் ராய், 1918 ஜூலையில் இரண்டே வாரத்தில் 10 எதிரி விமானங்களை வீழ்த்திக் கணக்கில் சேர்த்தார். அதே மாதம் 22-ம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டபோது வயது 19. நான் படித்த பள்ளிப் புத்தகம் எதிலும் அவர் பெயரைப் பார்த்த ஞாபகம் இல்லை. பானிபட் போர்களின் வருஷங்களை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இன்னொரு எரிச்சல், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பழைய புத்தகக் கடைகளில் ஒரு காலத்தில் இந்தக் காமிக்ஸைக் கட்டுக்கட்டாகக் குவித்திருப்பார்கள், உட்கார்ந்து புரட்டலாம். இப்போது 'கலெக்டர்ஸ்' என்று பெயர் வைத்து, பிளாஸ்டிக் உறையில் ஒட்டி, நாலு இலக்கத்தில் விலை சொல்கிறார்கள். நடுப்பக்கம் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கக்கூட விடுவதில்லை. கேட்டால் நம்மைத் திருடனைப் போலப் பார்க்கிறார்கள்.

சரி, பையனுக்கு வாங்குவதானால் 2008-ல் வந்த கறுப்பு வெள்ளைத் தொகுப்பு போதும். குபர்ட்டின் கோடு அதில்தான் பளிச்சென்று தெரியும். ஜார்ஜ் பிராட் 1990-ல் வரைந்த 'வார் ஐடில்' மட்டும் இப்போது வேண்டாம். முதியோர் இல்லத்தில் கிடக்கும் கிழட்டு ஹாமரை வியட்நாமிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாய் சந்திப்பதுதான் கதை. அதில் சுரங்கத்துக்குள் நடக்கும் பக்கங்கள் எனக்கே கனமாக இருந்தன. பத்தாவது முடிக்கட்டும், அப்புறம் கொடுங்கள்.