24-ஆல் பெருக்கிப் பாருங்கள்: மாடல் கார் கேள்வி பதில்

மாடல் கார் கட்டுவது பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்து குவிந்ததில் பாதிக்கு மேல் பெயின்ட் கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பதில்கள் எல்லாம் 1/24 பிளாஸ்டிக் கிட்டை (நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு அளவில், பாகங்களாக வந்து நாமே ஒட்டிக் கட்டுவது) மனதில் வைத்துச் சொன்னவை.

கேள்வி: அண்ணா, முதல் கிட் வாங்கப் போகிறேன். கடையில் 1/24, 1/25 இரண்டும் இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: அளவில் பெரிய வித்தியாசம் கிடையாது. 4.8 மீட்டர் நீளக் கார் 1/24-இல் 200 மி.மீ. வரும், 1/25-இல் 192. டாமியா, ஃபுஜிமி, அவோஷிமா என்று ஷிசுவோகாவைச் சேர்ந்த ஜப்பானியக் கம்பெனிகள் பெரும்பாலும் 1/24 போடுகின்றன. ஏ.எம்.டி., எம்.பி.சி. போன்ற அமெரிக்கப் பெயர்களில் வருபவை பெரும்பாலும் 1/25. அந்த அமெரிக்கக் கிட்களில் பல, பழைய அச்சுகளையே திரும்பத் திரும்ப ஓட்டி எடுப்பவை. பாகங்களின் ஓரத்தில் பிசிறு இருக்கும், பொருத்தும்போது கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். முதல் கிட் என்றால் எஞ்சின் இல்லாத டாமியா ஒன்றை எடுங்கள். பானெட்டைத் திறந்து காட்டும் ஆசை இரண்டாவது காருக்கு இருக்கட்டும், முதல் காரில் பாடி பெயின்ட் ஒழுங்காக வந்தாலே போதும்.

கேள்வி: ஸ்ப்ரே கேனில் அடித்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக வருகிறது. கிட்ட வைத்து அடித்தால் வழிகிறது. என்னதான் செய்வது?

பதில்: முதலில் ஒரு கணக்கு. நிஜக் காரின் பெயின்ட் ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம். அதே கனத்தை மாடலில் ஏற்றினால், நிஜக் காரின் மேல் 2.4 மி.மீ. பட்டி அப்பியதற்குச் சமம். கதவுக் கோடுகள் மூழ்கிப்போகும், பாடியின் விளிம்பெல்லாம் மழுங்கி சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். பொம்மைக்கும் மாடலுக்கும் வித்தியாசம் தெரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், தனியாக வாங்கி ஒட்டும் குட்டிக் குட்டி மெட்டல் பாகங்களில் இல்லை.

சரி, செய்முறை. கேனைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் வையுங்கள் (அடுப்பில் வைக்காதீர்கள், கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம்). சூடானால் உள்ளே அழுத்தம் கூடும், பெயின்ட் இளகும், துளிகள் பொடியாக வரும். 15 முதல் 20 செ.மீ. தள்ளி நின்று முதல் இரண்டு தடவை பனி மாதிரி லேசாகத் தூவுங்கள். நிறம் முழுசாக மூடவில்லையே என்று பதற வேண்டாம், அது பிடிமானத்துக்குத்தான். அது காய்ந்த பிறகு ஒரே ஒரு ஈரமான கோட். கை காரைத் தாண்டிய இடத்தில் ஆரம்பித்துத் தாண்டிய இடத்தில்தான் நிற்க வேண்டும், பானெட்டின் நடுவில் பட்டனை அழுத்தினால் அங்கேதான் வழியும்.

அப்புறம் காய விடுவது. மூக்கை ஒட்டி வைத்து மோந்து பாருங்கள். பெயின்ட் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை, தொடாதீர்கள். வாசனை முழுசாகப் போன பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு மெதுவாக ஓட்டி, அதற்கு மேல் கரடான காம்பவுண்ட் (பாலிஷ் பசை), பிறகு நைஸ் காம்பவுண்ட். விளிம்புகள் பக்கம் மட்டும் பேப்பரைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே பெயின்ட் மெல்லிசாக இருக்கும், இரண்டு இழுப்பில் பிளாஸ்டிக் தெரிந்துவிடும்.

கேள்வி: சென்னையில் ஐப்பசி மழையில் அடித்தேன். கறுப்புக் கார் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது.

பதில்: தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிரும், காற்றிலிருக்கும் ஈரம் அங்கே படிந்து பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். காரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெயில் அடிக்கிற, காற்று வறண்ட நாளில் அதே வகை லாக்கரை (தின்னர் ஆவியாகிச் சட்டென்று காயும் பெயின்ட்) மிக லேசாக ஒரு கோட் கொடுத்தால் அடியிலிருப்பது இளகி, ஈரம் வெளியேறி, பெரும்பாலும் சரியாகிவிடும். மழை மாதங்களில் உள்ளலங்காரம், எஞ்சின் என்று பிரஷ் வேலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வண்டிப் பெயின்ட் கலக்கும் கடையில் என் நிஜக் காரின் நிறத்தையே வாங்கி அடிக்கலாமா சார்?

பதில்: அடிக்கலாம், ஆனால் ப்ரைமர் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) இல்லாமல் வேண்டாம். அதோடு வரும் தின்னர் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும், பாடி முழுக்க சிலந்தி வலை போல விரிசல் ஓடும். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரும் அப்படித்தான். மிஸ்டர் சர்ஃபேசர் 1500 மாதிரி நைஸான ப்ரைமர் முதலில். இன்னொன்று, மெட்டாலிக் நிறமாக இருந்தால் அதிலுள்ள மினுக்குத்தூள் நிஜக் காருக்காக அரைத்தது. 24-ஆல் பெருக்கினால் காரில் ஜிகினா கொட்டியது போல் இருக்கும். மாடலுக்கென்றே வரும் மெட்டாலிக் வாங்குங்கள்.

கேள்வி: சிவப்பு பிளாஸ்டிக் பாடிக்கு வெள்ளை அடித்தேன், ரோஸ் ஆகிவிட்டது!

பதில்: பிளாஸ்டிக்கின் சாயம் மேலே ஏறுகிறது. ப்ரைமருக்கு மேல் ஒரு சில்வர் கோட், அதற்கு மேல் வெள்ளை.

கேள்வி: வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்துத் துணி மாஸ்க் போட்டால் போதுமா?

பதில்: போதாது. துணி மாஸ்க் தூசியைக்கூட ஓரளவுதான் தடுக்கும், ஆவியை அறவே தடுக்காது. கரி வடிகட்டி உள்ள, கரைப்பான் ஆவிக்கான மாஸ்க் வேண்டும், மொட்டை மாடியில் அடித்தாலும். காயும்வரை காரையும் குழந்தை இருக்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். கேனிலிருக்கும் வாயு தீப்பிடிக்கும். பூஜை விளக்கோ அடுப்போ எரிகிற வீட்டுக்குள் அடிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: பம்பரில் குரோம் அளவுக்கு மீறிப் பளபளக்கிறது, நடுவில் அச்சுக்கோடு வேறு. எப்படி எடுப்பது?

பதில்: அந்தக் குரோம் வெறும் அலுமினியப் பூச்சு. துணி வெளுக்கும் ப்ளீச்சில் ஊறப்போட்டால் கழன்றுவிடும். அடியில் மஞ்சளாக ஒரு வார்னிஷ் இருந்தால் அதைத் தனியாக நீக்க வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் அதில் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும், விளையாட்டில்லை. கோட்டைத் தேய்த்துச் சமன் செய்துவிட்டு, பளபளக் கறுப்பு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு அதன் மேல் ஆல்க்ளாட் கம்பெனியின் குரோம் பெயின்ட்டை லேசாகத் தூவுங்கள். சின்ன இடங்களுக்கு மோலோடோ குரோம் பேனாவே போதும்.

கேள்வி: வி8 எஞ்சினுக்கு வயரிங் போட ஆசை. என்ன வயர், எத்தனை?

பதில்: இது எனக்குப் பிடித்த வேலை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நிஜ பிளக் வயர் 7 அல்லது 8 மி.மீ. தடிமன், 24-ஆல் வகுத்தால் 0.3 சொச்சம். செத்துப்போன இயர்போன் ஒயரைப் பிரித்தால் உள்ளே கிடைக்கும் மெல்லிய இழைகளை அளந்து பாருங்கள், பொருந்துவது ஒன்று அநேகமாக இருக்கும். பலர் அரை மில்லிக்கு மேல் உள்ளதைப் போட்டு எஞ்சின் மேல் தோட்டக் குழாய் ஓடுவது போல ஆக்கிவிடுகிறார்கள். எட்டு பிளக்குக்கு எட்டு, காயிலுக்கு ஒன்று, மொத்தம் ஒன்பது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் தலையில் கைத்துளைப்பானால் ஓட்டைபோட்டு, சொட்டு சூப்பர் குளூ வைத்துச் செருகுங்கள். எந்த சிலிண்டருக்குப் பிறகு எது எரியும் என்ற வரிசையும் முக்கியம். ஷெவ்ரோலே ஸ்மால் பிளாக் என்றால் 1-8-4-3-6-5-7-2, ஃபோர்டு 289 என்றால் 1-5-4-2-6-3-7-8. யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். வரிசைப்படி போட்டால் வயர்கள் ஒன்றையொன்று தாண்டும் விதமே நிஜமாகத் தெரியும், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும்.

கேள்வி: சீட் பெல்ட்?

பதில்: நிஜ பெல்ட் 48 மி.மீ. அகலம், ஆக 2 மி.மீ. மாஸ்கிங் டேப்பை அந்த அகலத்துக்கு வெட்டி, பெயின்ட் அடித்து, சீட்டின் வளைவோடு படிய ஒட்டுங்கள்.

கேள்வி: முன்கண்ணாடியை ஒட்டியதும் வெள்ளையாகப் புகை படிந்துவிட்டது.

பதில்: சூப்பர் குளூவின் ஆவி. கண்ணாடிப் பாகங்களுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெரியாது.

கேள்வி: அம்பாசடர் கிட் கிடைக்குமா? அப்பாவுக்குக் கொடுக்க வேண்டும்.

பதில்: நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன், பிளாஸ்டிக் கிட்டாக என் கண்ணில் பட்டதில்லை. சென்டி டாய்ஸின் இழுத்துவிடும் அம்பாசடர் பொம்மையைப் பிரித்து வேலை பார்ப்பது ஒரு வழி. பழைய பெயின்ட்டைச் சுரண்டி, கிரில்லுக்கு மெல்லிய குரோம் ஃபாயில் ஒட்டி, கதவுக் கோடுகளில் நீர்த்த எனாமல் ஓடவிட்டால் ஆளே மாறிவிடும். வெள்ளைக் காருக்குக் கோட்டில் கறுப்பு விடாதீர்கள், சாம்பல் நிறம். பொம்மை 1/24 இல்லை என்பதால் கணக்கை மாற்றிப் போடுங்கள்: பொம்மையின் நீளத்தை நிஜக் காரின் நீளத்தோடு ஒப்பிட்டு விகிதத்தைக் கண்டுபிடித்து, அப்பாவின் பழைய வண்டி நம்பர் பிளேட்டை அந்த அளவில் பிரின்ட் எடுங்கள்.

கேள்வி: பரணில் கிடந்த பழைய கிட்டைத் திறந்தேன், டயர் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் உருகிக் கிடக்கிறது. எலி வேலையா?

பதில்: எலி இல்லை, டயர்தான். பழைய வினைல் டயர்களை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். இனி கிட் வாங்கியதும் டயரைத் தனிக் கவரில் போடுங்கள், மாட்டும்போது ரிம்மைச் சுற்றி மெல்லிய ஃபாயில் ஒட்டுங்கள். உருகிய பள்ளத்துக்குப் பட்டி வைத்துத் தேய்க்கலாம். அதே பெட்டியிலிருக்கும் டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) மஞ்சளாகியிருந்தால் கவரில் போட்டு வெயில் படும் ஜன்னலில் சில நாள் ஒட்டிவையுங்கள், வெளுத்துவிடும். தண்ணீரில் போடும் முன் ஒரு ஓரத்தை மட்டும் வெட்டிச் சோதியுங்கள். நொறுங்கினால் முழுத் தாளுக்கும் க்ளியர் (நிறமில்லாத பெயின்ட்) அடித்துக் காயவைத்து, ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக வெட்டி எடுக்க வேண்டும்.